எல்லையோரத்து முன்னோரைத் தேடிப் புத்தகம் எழுதுவது எப்படி? செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

1930-ல் செங்கோட்டையில் பிறந்து, சாகும்வரை அதே தெருவில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போது அவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிமகன். 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர். 1956 நவம்பர் 1 அன்று விடிந்தபோது சென்னை மாநிலத்தவர், மாவட்டம் திருநெல்வேலி. 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 2019-ல் ஊர் தென்காசி மாவட்டத்துக்குள் போயிற்று. ஆள் ஓர் அடி நகரவில்லை, சர்க்கார்தான் மாறிக்கொண்டே இருந்தது. அவர் பெயர் எழுதப்பட்ட தாள்கள் சில செங்கோட்டையிலும், சில திருநெல்வேலியிலும், சில சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், சில திருவனந்தபுரத்திலும் கிடக்கின்றன.

எல்லையோரக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு பாதியில் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். தாத்தா ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதால் பேரன் சென்னையில் தேடுவார். தேடும் தாளோ திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள் இருக்கும். குமரி மாவட்டத்து அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்கும் இதே கதைதான். பாலக்காட்டுத் தமிழருக்கு நேர்மாறு. அது 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம், ஆகவே கேரளக்காரரானாலும் எழும்பூரில் வேலை இருக்கும். பக்கத்திலேயே உள்ள சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானம். ஆந்திரப் பக்கம் திருத்தணிக்காரர்கள் 1953 அக்டோபரில் ஆந்திராவுக்குப் போய், 1960 ஏப்ரலில் திரும்பி வந்தார்கள்.

நான் சொல்லப்போவது செங்கோட்டையை வைத்து. உங்கள் ஊருக்கு ஏற்றபடி வருஷங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஓர் ஆள்

குடும்ப வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் வம்சாவளிப் படத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஏழு தலைமுறை, இருநூறு பெயர், கோட்டுக்கு மேல் கோடு. அச்சடித்துக் கொடுத்தால் சொந்தக்காரர்கள் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுவார்கள். படம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது பின்னிணைப்பில் இருக்கட்டும். புத்தகத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

வசதியானவரையோ பதவியில் இருந்தவரையோ தேடிப் போகவேண்டியதில்லை. வீட்டில் அவரைப் பற்றி ஒரு கதையாவது புழங்கியிருக்க வேண்டும், வெளியே அவர் பெயரில் ஒரு தாளாவது இருக்க வேண்டும். இரண்டும் உள்ளவரே தோது. எங்கள் வீட்டில் அப்படித் தேறியவர் அம்மாவின் தாத்தா. மாட்டுவண்டி வைத்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புனலூருக்குச் சரக்கு ஏற்றிப் போனவர் என்பது மட்டும்தான் கதை. கொல்லம்-செங்கோட்டை ரயில் 1904-ல் ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் வண்டி வைத்திருந்தவர் பிழைப்புக்கு என்ன செய்தார்? இந்தக் கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வி ஒன்று கையில் இருந்தால் தேடல் அலைபாயாது.

ஆண்டுக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்

தாளைத் தேடப் போவதற்கு முன் ஒரு சாயங்காலம் இதற்கு ஒதுக்குங்கள். இது தெரியாமல் பத்திரத்தைக் கையில் எடுத்தால் ஒரு தலைமுறையே இடம் மாறிப் போகும்.

திருவிதாங்கூர்ப் பக்கத்துப் பழைய தாள்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். செங்கோட்டையிலும் நாஞ்சில் நாட்டிலும் ஆவணி முதல் தேதியில், அதாவது மலையாளச் சிங்க மாதத்தில், அது மாறும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரையான தேதி என்றால் 824 கூட்டுங்கள். ஜனவரி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை என்றால் 825. ஆக 1085 ஆவணி என்பது 1909 ஆகஸ்டு-செப்டம்பர், 1085 தை என்பது 1910. எல்லை மாறிய 1956 நவம்பர் 1, கொல்லம் 1132 ஐப்பசி 16.

அறுபது வருஷப் பெயர்களோ சித்திரையில் மாறும். சாதகங்களில் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும். சௌமிய வருஷம் என்றால் 1909-ஆ, 1969-ஆ, 1849-ஆ என்பதை ஆளின் மற்ற விவரங்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். கொல்லம் ஆண்டும் பெயரும் சேர்ந்து கிடைத்தால் சந்தேகமே இல்லை.

மலைக்குக் கிழக்கே, தென்காசி, கடையநல்லூர் என்று பிரிட்டிஷ் பக்கம் போனால் வருவாய்க் கணக்கெல்லாம் பசலி. ஜூலை 1-ல் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். செங்கோட்டைக்கும் 1956-க்குப் பிந்திய வருவாய்க் கணக்கில் பசலிதான்.

எண்கள் தமிழ் எண்ணிலும் இருக்கலாம். ௲௮௰௫ என்பது 1085. அதோடு ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த ஐந்து குறிகளும் பழகிவிட்டால் பழைய பத்திரம் பாதி வசப்பட்ட மாதிரி.

வீட்டுப் பெட்டி

அலுவலகத்துக்கு ஓடுவதற்கு முன் வீட்டைத் துழாவுங்கள். உங்கள் வீட்டை மட்டுமல்ல, கட்டிக்கொடுத்துப் போன அத்தைகள் வீட்டையும். பழைய சாமான் மூத்த மகன் வீட்டில்தான் இருக்கும் என்று நினைப்போம். பல சமயம் கடைசிவரை கிழவர்களைப் பார்த்துக்கொண்ட மகள் வீட்டுப் பரணில் இருக்கும்.

எல்லோருக்கும் தோன்றுவது போட்டோவும் சாதகமும். எனக்குப் பிடித்தது மொய் நோட்டு. ஒரு கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு செய்தார்கள் என்பது வரிசையாக இருக்கும். ஊர்ப் பெயர்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். புளியரை, பண்பொழி, இலஞ்சி என்று வந்துகொண்டிருக்கும் பட்டியலில் திடீரென்று தென்மலை, புனலூர், மூணாறு என்று நாலைந்து பெயர் வந்தால், குடும்பத்தின் ஒரு கிளை எப்போது மலை ஏறியது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். தொகை பெரிதாக இருந்தால் தாய்மாமன் முறை, நெருங்கிய சம்பந்தம். ஒரே தொகையில் அடுத்தடுத்துப் பத்துப் பேர் இருந்தால் தெருக்காரர்கள் அல்லது கூட வேலை பார்த்தவர்கள்.

இரண்டாவது, கோயில் தலைக்கட்டு வரி நோட்டு. கொடை விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் எழுதிவைத்திருப்பார்கள். தர்மகர்த்தா வீட்டிலோ வரி பிரிக்கும் பெரியவரிடமோ பழைய நோட்டுகள் இருக்கும். கலியாணமானால் புதுத் தலைக்கட்டு. ஆகவே ஒருவர் பெயர் முதல்முதலாக வரும் வருஷம் அவர் குடும்பஸ்தர் ஆனதைச் சொல்லும். பெயர் நின்று, அதே இடத்தில் மகன் பெயரோ விதவை மனைவி பெயரோ வந்தால் இறந்த வருஷம் கிட்டத்தட்ட தெரிந்துவிடும். பெயரே இல்லாமல் போய், சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் இடையில் ஊரில் இல்லை என்று அர்த்தம். சர்க்கார் மறந்துபோன ஆட்களையும் குலதெய்வக் கோயில் கணக்குப் பிள்ளை மறந்திருக்க மாட்டார்.

இறந்த நாளைப் பிடிக்க இன்னொரு வழி திதி. வீட்டில் தெவசம் கொடுக்கும் வழக்கம் இருந்தால் 'ஆடி மாசம் தேய்பிறைச் சப்தமி' என்று யாராவது சொல்வார்கள். வருஷம் மட்டும் தெரிந்தால் போதும், அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் ஆங்கிலத் தேதியே கிடைத்துவிடும்.

பெரியவர்களிடம் பேசுவது

'எந்த வருஷம் ஆச்சி?' என்று கேட்டால் எனக்கு என்னத்தத் தெரியும் என்றுதான் பதில் வரும். வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். எங்கள் பக்கத்துக்கு உதவும் சம்பவங்கள் இவை: ரயில் வந்தது 1904. வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டது 1911 ஜூன் 17. அவர் செங்கோட்டைக்காரர், புனலூரில் காட்டிலாகா வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பேச்சு இல்லாத பழைய வீடு இங்கே குறைவு. விஷக் காய்ச்சல் 1918. தொண்ணூற்றொன்பது வெள்ளம், அதாவது கொல்லம் 1099 ஆடி, 1924 ஜூலை. மூணாறையே துடைத்துப்போட்ட வெள்ளம். திருவிதாங்கூரில் கோயில் எல்லோருக்கும் திறந்தது 1936 நவம்பர். பர்மா அரிசி நின்று மரச்சீனிக் கிழங்கைத் தின்ற கண்ட்ரோல் காலம் 1942-க்கு அப்புறம். செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956.

'வெள்ளம் வந்தப்போ ஒங்க அம்மாவுக்குக் கலியாணம் ஆயிட்டா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஆயிட்டு, தலைச்சன் இடுப்புல இருந்தான்' என்று பதில் வரும். பெரிய மாமா 1922 அல்லது 1923-ல் பிறந்தவர் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஆண்களிடம் நிலமும் வழக்கும் கேளுங்கள். பெண்களிடம் பிறப்பு, இறப்பு, யார் எங்கிருந்து வாக்கப்பட்டு வந்தாள் என்பதைக் கேளுங்கள். சித்திரை மாசம் ரோகிணி நட்சத்திரம் என்று பெற்றவர்களுக்குத்தான் நினைவு இருக்கும். ஒப்பாரி தெரிந்த பாட்டி இருந்தால் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். செத்தவரின் பிறந்த ஊர், வாழ்ந்த விதம், விட்டுப் போன பிள்ளைகள் எல்லாம் பாட்டில் வரும். ஆனால் தனியாகக் கூப்பிட்டு, மைக் வைத்து, பேட்டி மாதிரி ஆரம்பித்தால் வாய் திறக்க மாட்டார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டோ, பழைய போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டோ பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'பழைய பத்திரம் இருக்கா சித்தப்பா?' என்று கேட்டவுடனே எதிரில் இருப்பவர் முகம் மாறும். சொத்தில் பங்கு கேட்க வருகிறான் என்றுதான் முதலில் தோன்றும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இந்த ஊரில் பழைய பத்திரம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்குத்தான் தேடுகிறார்கள். இரு தரப்புக்கும் வேண்டிய ஓர் அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அசலைக் கேட்கவே கேட்காதீர்கள். அவர் கண்முன்னே, அவர் வீட்டுத் திண்ணையிலேயே போட்டோ எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். எடுத்த படத்தை அவருக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

ஒரு பத்திரத்தைப் படிக்கும் விதம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் சாதாரணக் குடும்பங்களுக்கு இதைவிட வளமான தாள் வேறு இல்லை. அம்மாவின் தாத்தா பெயரில் கிடைத்த ஒற்றிப் பத்திரம் கொல்லம் 1085 தை மாதத்தது. ரயில் வந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன சமயம்.

மேலோட்டமாகப் படித்தால் ஒரு வயலை ஒற்றி வைத்துப் பணம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், சாதி, வயது, தொழில் என்று ஆரம்பிக்கிறது. வயது 38 என்று போட்டிருந்தால் பிறப்பு 1872-ஐ ஒட்டி. பத்திரத்து வயதை மூன்று நான்கு வருஷம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தர் முகத்தைப் பார்த்துப் போட்டதாக இருக்கும். தொழில் 'வண்டித் தொழில்' என்று இருக்கிறது. ஆக ரயில் வந்த உடனே தொழிலை விட்டுவிடவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஊர்களுக்குச் சரக்கு எடுத்துப் போக வண்டி வேண்டியிருந்திருக்கும் என்று ஊகிக்கலாம், ஆனால் அது ஊகம்.

அடுத்தது காரணம். எதற்காகக் கடன் என்பதைப் பத்திரத்திலேயே எழுதும் வழக்கம் இருந்தது. 'மகள் கலியாணச் செலவுக்கும் முன் கடன் தீர்க்கவும்.' குடும்பத்தில் யாருக்கும் தேதி தெரியாத ஒரு கலியாணம் இங்கே கிடைக்கிறது.

தொகை 700 பணம். திருவிதாங்கூர் நாணயக் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக நூறு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு என்பதால் சின்ன வித்தியாசம் வரும். புத்தகத்தில் இதை இன்றைய மதிப்புக்கு மாற்றிப் போடாதீர்கள், எந்தக் கணக்கும் சரியாக வராது. அதே வருஷத்து வேறொரு பத்திரத்தில் வயல் என்ன விலைக்குப் போனது என்று பார்த்துப் பக்கத்தில் வையுங்கள், வாசகருக்குப் புரிந்துவிடும்.

பிறகு நான்கெல்லை. கிழக்கே இன்னார் வயல், தெற்கே வாய்க்கால், மேற்கே கோயில் நிலம், வடக்கே இன்னார். பக்கத்து நிலக்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகள், ஏனென்றால் ஒரே நிலம் பாகம் பிரிந்ததுதான். எல்லையில் வரும் பெயர்களிலிருந்து பாட்டனாரின் சகோதரர்களைக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியில் சாட்சிகள். பலர் இதைப் படிப்பதே இல்லை. எங்கள் பத்திரத்தில் இரண்டாவது சாட்சி கடையநல்லூர்க்காரர். திருவிதாங்கூர் தாளில் பிரிட்டிஷ் பக்கத்து ஆள் ஏன் வந்து கையெழுத்துப் போட வேண்டும்? மொய் நோட்டில் அதே பெயர் மாமன் முறையில் வந்தது. பூட்டியின் அண்ணன். அவள் எந்த ஊர்ப் பெண் என்பது அப்படித்தான் தெரிந்தது. பெண்களின் பெயர் பத்திரங்களில் அபூர்வம். சாட்சிக் கையெழுத்து வழியாகவும், சீர் நிலம் எழுதிக்கொடுத்த பத்திரங்கள் வழியாகவும்தான் அவர்களை எட்டிப் பிடிக்க முடியும்.

பத்திரம் மலையாளத்தில் இருந்தால் இன்று கேரளப் பள்ளியில் படித்த பிள்ளைகளும் திணறுவார்கள். 1971-ல் மலையாள எழுத்தைச் சீர்திருத்தினார்கள், அதற்கு முந்திய கூட்டெழுத்துகள் அவர்களுக்குப் பழக்கமில்லை. புனலூர் பக்கத்தில் வயதான ஆதாரம் எழுத்துக்காரர்கள், அதாவது பத்திரம் எழுதுகிறவர்கள், யாராவது இருந்தால் அவர்கள்தான் சரியான ஆள்.

அலுவலகங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதை. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான் நகல். இறந்தபிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் கொடுப்பார்கள். உயில் கிடைத்தால் அதிர்ஷ்டம், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும் அதில் தெரியும். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்றை நம்பி உட்கார வேண்டாம். உங்களுக்கு வேண்டிய காலம் அட்டவணைப் புத்தகத்தில்தான். தோராயமான வருஷமும் கிராமமும் இல்லாமல் போனால் எழுத்தரும் சலித்துப்போவார், நீங்களும் சலித்துப்போவீர்கள்.

தாலுகா அலுவலகத்தில் கிராமத்து நிலங்களின் விவரம் அடங்கிய அ-பதிவேடு, பழைய-புதிய சர்வே எண் ஒப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வில்லேஜ் ஆபீசில் தண்டப்பேர் என்ற நிலவரிக் கணக்கு, போக்குவரவு. பட்டா மாறுதலைத்தான் அங்கே போக்குவரவு என்பார்கள். அப்பன் பெயரிலிருந்து மகன் பெயருக்கு எந்த வருஷம் மாறியது என்பது அதில் தெரியும். வாயால் கேட்டு நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். 'எல்லா ஆவணமும் வேண்டும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. சர்வே எண், கிராமம், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று குறிப்பிடுங்கள்.

ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியாகப் போங்கள். திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் மத்திய ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைச்சுருணைகள், அதாவது பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஓலைக் கணக்குகள், இருக்கின்றன. திருவிதாங்கூரின் ஹஜூர் கச்சேரி, அதாவது தலைமைச் செயலகத்துக் கோப்புகளுக்கும் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத் துறையையே விசாரிக்க வேண்டும். கொச்சி சமஸ்தானத்துக்கு எர்ணாகுளம், மலபாருக்குக் கோழிக்கோடு. பிரிட்டிஷ் பக்கத்துக்கு எழும்பூர். உங்கள் முன்னோர் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாராலும் உதவ முடியாது, கோப்புகள் ஆள் பெயரில் அடுக்கப்பட்டவை அல்ல. துறை, தாலுகா, வருஷம், விஷயம் என்று கேட்க வேண்டும். 'செங்கோட்டை தாலுகா, 1900 முதல் 1915 வரை, சாலையும் வண்டிச் சத்திரங்களும்' என்பது கேட்கத் தகுந்த கேள்வி. 1904-ல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜாசபையின் அச்சிட்ட நடவடிக்கைகளையும் கேளுங்கள். தாலுகாப் பிரதிநிதிகள் சர்க்காரிடம் வைத்த குறைகள் அதில் வரும். உங்கள் ஆளின் பெயர் இருக்காது, அவர் காலத்து ஊர் இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி ஆள் விவரம் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது, அது ரகசியம். மரபணுச் சோதனையும் உங்கள் பூட்டன் எந்த வருஷம் வயலை ஒற்றி வைத்தார் என்பதைச் சொல்லப்போவதில்லை, அந்தக் காசுக்கு நாலு முறை திருவனந்தபுரம் போய்வரலாம்.

பள்ளிக்கூடமும் தேவாலயமும் எஸ்டேட்டும்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர் எல்லாம் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். பள்ளி திறக்கும் நாளுக்குத் தோதாகத் தலைமையாசிரியர் போட்ட தேதியாக இருக்கலாம். சாதகத்தோடு ஒத்துப் பார்த்து, இரண்டையும் எழுதிவையுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உண்டு. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் வேலை 1806-ல் ரிங்கல்தௌபே வந்ததிலிருந்து தொடங்குகிறது, மயிலாடி அதன் முதல் இடம். அந்த வழிச் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கின்றன. கத்தோலிக்கருக்குக் கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, அதற்கு முந்திய கடிதப் போக்குவரத்துக்குக் கொல்லத்தை விசாரிக்க வேண்டும். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மலை ஏறியவர்களின் கதை வேறு. தேயிலைத் தோட்டத்தில் ஆள் சேர்த்தவர் கங்காணி. ஆகவே உங்கள் ஆளைத் தேடுவதற்கு முன் அவரைக் கூட்டிப் போன கங்காணி எந்த ஊர்க்காரர் என்று தேடுங்கள். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவர்கள் பலரும் ஒரே ஊர்ப்பக்கம். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயரும் நாளும் இருக்கும், ஆனால் பழையவை மிஞ்சியிருப்பது அபூர்வம். கண்ணன் தேவன் மலையில் கம்பெனி கைமாறிய ஒவ்வொரு முறையும் அலுவலகமும் கைமாறியது. பிராவிடண்ட் ஃபண்டு சீட்டு, தொழிற்சங்கச் சந்தா அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகியவை ஓய்வு பெற்றவர்களின் தகரப்பெட்டியில் கிடைக்கின்றன.

அதே ஆளா, வேறு ஆளா?

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. ஒரு தெருவில் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயரோடு மூன்று பேர் இருப்பார்கள். அதிலும் தமிழ்ப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், மலையாளத் தாளில் வேறு விதமாகவும், ஆங்கிலக் கெஜட்டில் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கும். ஆந்திரத்துச் சித்தூர், திருப்பதிப் பக்கம் போன குடும்பங்களுக்கு வீட்டுப்பெயர் ஒன்றும் முன்னால் ஒட்டிக்கொள்ளும். பெயர் மட்டும் ஒத்துப்போவதை வைத்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். தகப்பன் பெயர், கிராமம், நிலம், சாட்சி, வயது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். பொருந்தாத தாளைத் தூக்கிப் போடாமல் 'சந்தேகம்' என்று தனி உறையில் போடுங்கள். அவர் சித்தப்பா மகனாக இருப்பார், வேறொரு அத்தியாயத்தில் உதவுவார்.

ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைக்கும்போது ஆங்கில வருஷம், என்ன தாள், யார் வீட்டில் எடுத்தது என்ற மூன்றும் இருக்கட்டும். சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் இல்லாத வாய்மொழிக் குறிப்பு பத்து வருஷம் கழித்து உங்களுக்கே உதவாது.

எழுதுவது

எல்லாம் சேர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதவே மாட்டீர்கள். பத்திரம் ஒன்று கிடைத்த அன்றே அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். அத்தியாயங்கள் பிறகு தாமே சேரும்.

மூன்று வகை வாக்கியங்களை வாசகர் பிரித்தறியும்படி எழுதுங்கள். தாளில் உள்ளது, வீட்டில் சொன்னது, நீங்கள் ஊகித்தது. 'பத்திரத்தில் இருக்கிறது', 'ஆச்சி சொல்வாள்', 'இருந்திருக்கலாம்' என்ற மூன்று முடிவுகளே போதும். அடிக்குறிப்பு போட்டால் நல்லது, போடாவிட்டாலும் இந்த மூன்றையும் கலக்காதீர்கள். தாத்தா அன்று கணவாயில் நின்று என்ன நினைத்தார் என்றெல்லாம் எழுதப் போனால் அது கதை, வரலாறு இல்லை. இடைவெளி இருந்தால் அப்படியே விடுங்கள். எங்கள் பூட்டனைப் பற்றி 1912-க்கும் 1924-க்கும் நடுவில் ஒரு தாளும் இல்லை. வெள்ளத்துக்கு அப்புறம் வரும் பத்திரத்தில் தொழில் 'விவசாயம்' என்று இருக்கிறது. வண்டியை எப்போது விற்றார் என்று புத்தகம் சொல்லவில்லை.

சங்கடமான விஷயங்கள் வரும். இரண்டாம் தாரம், வழக்கு, வட்டிக்குக் கொடுத்துப் பிடுங்கிய நிலம், யாரைக் கீழே நடத்தினார்கள் என்பது. பழைய தாள்களில் சாதி ஒவ்வொரு வரியிலும் இருக்கும். அதை மறைத்து எழுதினால் அந்தக் காலத்தைப் பற்றிப் பொய் சொல்வதாகும், பெருமைக்காக எழுதினால் அதைவிட மோசம். என் அளவில் வைத்திருக்கும் விதி: இறந்தவர்களைப் பற்றித் தாளில் இருப்பதை எழுதலாம். உயிரோடு இருப்பவர்களை நேரடியாகத் தொடுகிற எதையும் அவர்களிடம் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் பக்கம் வெளியே போகட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கைப்பிரதியை மூன்று பேருக்குக் கொடுங்கள். குடும்பத்தில் ஒரு பெரியவர், குடும்பத்தில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவர், வெளி ஆள் ஒருவர். இரண்டாமவர் திருத்துவதுதான் அதிகம் உதவும். தேவைக்கு மட்டும் அச்சடிக்கும் வசதி இப்போது சின்ன அச்சகங்களிலும் இருக்கிறது, ஐம்பது பிரதி போதும். மலைக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காக வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கும், ஒன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அனுப்பி, வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் நாலு வெற்றுத் தாள் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். புத்தகம் கைக்குப் போன வாரமே, 'இந்தத் தேதி தப்பு, எங்க வீட்ல பத்திரமே இருக்கு' என்று போன் வரும். போய்ப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.